பூனைக்கு ஆடும் படுக்கை: வாங்குவதிலிருந்து பழக்குவது வரை

படுக்கையை வாங்கி வந்த அன்றைக்கே பூனையைத் தூக்கி உள்ளே வைத்து, கையால் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்க்கிறார்கள். பினாங்கில் எனக்குத் தெரிந்த வீடுகளில் ஆடும் படுக்கைகள் துணி மடித்துப் போடும் கூடைகளாக மாறிப்போனதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆட்டமே பூனைக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எதிர்பாராத நேரத்தில் காலடியில் தரை நகர்ந்தால்தான் அது மிரளும். தான் திரும்பிப் படுக்கும்போது மெல்ல அசைந்து தானே நின்றுவிடும் படுக்கையில் பல பூனைகள் மணிக்கணக்கில் தூங்கும்.

அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை முக்கியம். படுக்கை முதலில் அசையாத படுக்கையாகவே வீட்டுக்குள் வர வேண்டும். வாசனை, இடம், பழக்கம் மூன்றும் அமைந்த பிறகு, கடைசியாகத்தான் ஆட்டத்தைத் திறந்துவிட வேண்டும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை: அளவு நாடா, பழைய துண்டுகள் நான்கு, யோகா மேட் போன்ற ரப்பர் விரிப்பு ஒன்று, 5 கிலோ அரிசிப் பை ஒன்று, பூனை வழக்கமாகப் படுத்துத் துவைக்காமல் கிடக்கும் துணி ஒன்று. இவற்றோடு இரண்டு மூன்று வாரப் பொறுமை.

1. படுக்கையைப் பார்க்குமுன் பூனையைப் பாருங்கள்

ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் வரை பூனை தூங்குகிறது. இரண்டு மூன்று நாள் கவனித்தாலே அது எப்படிப்பட்ட படுக்கையைக் கேட்கிறது என்று தெரிந்துவிடும். சுருண்டு படுக்கிறதா, நீட்டி நிமிர்ந்து படுக்கிறதா? அலமாரி மேல் ஏறுகிறதா, நாற்காலிக்கு அடியில் ஒதுங்குகிறதா? முதுகைச் சுவரில் சாய்த்துக்கொள்கிறதா?

சுருண்டு படுக்கிற பூனைக்குச் சுற்றிலும் விளிம்பு உயர்ந்த கூடை வடிவம் பொருந்தும். நீட்டிப் படுக்கிற பூனை அதில் காலை வெளியே தொங்கவிடும். எடை ஒரு பக்கம் சாயும். படுக்கை நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். அதற்கு நீளமான தட்டு வடிவம்தான் சரி.

பினாங்கு வெயிலையும் கணக்கில் வையுங்கள். பகலில் 31, 32 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது, அதுவும் இவ்வளவு ஈரக்காற்றில், பூனை மொசைக் தரையில் பப்பரப்பவென்று கிடக்கும். அதே பூனை இரவில் ஏர்கான் அறைக்குள் வந்ததும் போர்வைக்குள் நுழையும். பூனையின் உடலுக்கு 22 டிகிரி அறை குளிர்தான். ஆகவே படுக்கை பகலுக்கா இரவுக்கா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரே படுக்கையை இரண்டுக்கும் வாங்க நினைக்கிறவர்கள் கடைசியில் எதற்கும் உதவாத ஒன்றோடு வீடு திரும்புகிறார்கள்.

சில பூனைகளுக்கு ஆடும் படுக்கை வேண்டவே வேண்டாம். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நடப்பது, தள்ளாடுவது, கண்மணி தானாக இடவலமாகத் துடிப்பது ஆகியவை உட்காது அல்லது நரம்புக் கோளாறின் அறிகுறிகள். கால்நடை மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள். வயதான பூனைக்கும் யோசித்தே வாங்க வேண்டும். 2002-இல் வந்த ஓர் ஆய்வில், 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரேயைப் பார்த்தபோது 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. வலிக்கிற காலை நகரும் பரப்பில் ஊன்றுவது கொடுமை. அப்படிப்பட்ட பூனைக்குத் தாழ்வான, அசையாத, கொஞ்சம் கெட்டியான மெத்தையே பெரிய உபகாரம்.

2. அளவெடுங்கள்

பூனை நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நாடாவை ஓட்டுங்கள். சாதாரண வீட்டுப் பூனைக்கு இது 45 செண்டிமீட்டர் பக்கம் வரும். நீட்டிப் படுக்கும் பூனை என்றால் இதோடு ஒரு சாண் கூட்டிக்கொள்ளுங்கள். சுருண்டு படுக்கும் பூனைக்குச் சுருண்ட வட்டத்தின் குறுக்களவோடு நான்கு விரல் சேர்த்தால் போதும். அதற்கு மேல் பெரிதாக இருந்தால் பூனை நடுவில் படுக்காமல் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஓரத்தில் எடை இருந்தால் படுக்கை சாய்ந்தே நிற்கும்.

எடையும் பாருங்கள். நீங்கள் பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளலாம். ஊர்ப் பூனைகள் பெரும்பாலும் 3.5 முதல் 5 கிலோவுக்குள் இருக்கும். மேன் கூன் என்ற பெரிய இனத்து ஆண் பூனை 8 கிலோவைத் தொடும். அதற்கு விற்பனைப் படத்தில் பூனைக்குட்டி படுத்திருக்கிற படுக்கையை வாங்காதீர்கள்.

3. எந்த வகை

கடைகளில் கிடைப்பவற்றை எப்படி ஆடுகிறது என்பதை வைத்துப் பிரித்தால் தேர்வு எளிது.

அடிப்பாகம் வளைந்து தரையில் உருளும் வகை ஒன்று. அடி முழுவதும் மூடிய கிண்ணமாக இருக்கலாம், அல்லது ஆடும் நாற்காலிக்கு இருப்பதுபோல் இரண்டு வளைகட்டைகள் இருக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வகையைத்தான். தரைக்கு அருகில் இருக்கிறது, துண்டைச் செருகி ஆட்டத்தை நிறுத்த முடிகிறது, விழுந்தாலும் உயரம் கிடையாது. வளைகட்டை உள்ளதை வாங்கினால் கட்டைக்கும் தரைக்கும் இடையில் இன்னொரு பூனையின் வாலோ, தவழும் குழந்தையின் விரலோ நசுங்கும் வாய்ப்பு உண்டு. தவழும் பிள்ளை இருக்கிற வீட்டில் மூடிய அடிதான்.

சட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிடும் ஏணை வகை அடுத்தது. காற்றோட்டம் நன்றாக இருப்பதால் பகல் படுக்கையாக அருமை. ஆனால் பூனை குதித்து ஏறும்போது தொட்டில் விலகிப் போகும். ஒரு தடவை அப்படி ஏமாந்த பூனை மறுபடி அந்தப் பக்கம் வராது. நான்கு மூலையிலும் கட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் தொங்குவதாக இருந்தால் வாங்கலாம். ஒரே கொக்கியில் தொங்கிச் சுழல்வதை வாங்காதீர்கள்.

நம் வீடுகளில் பிள்ளை வளர்ந்த பிறகு மிச்சம் கிடக்கிற ஸ்பிரிங் தொட்டிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "சும்மாதானே கிடக்கு, கைலியைக் கட்டி பூனையைப் போட்டால் என்ன?" என்று அக்காமார் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். ஸ்பிரிங் குழந்தையின் எடைக்குச் செய்யப்பட்டது; 4 கிலோப் பூனை குதித்தால் மேலும் கீழுமாகத் துள்ளும். பூனை பயந்து ஸ்பிரிங்கைப் பற்றினால் சுருளுக்குள் நகம் மாட்டும். கைலித் துணி உடம்பைச் சுற்றி மூடிக்கொள்வதால் அவசரத்தில் வெளியே வர வழியும் இருக்காது. மின்சார மோட்டார் தொட்டிலுக்கும் இதே பதில்தான். தானாக ஆடும் எதுவும் பூனையின் கட்டுப்பாட்டில் இல்லை.

பொருள் விஷயத்தில் எனக்குப் பிரம்புதான் முதலிடம். ஜார்ஜ் டவுன் லெபு பந்தாய்ப் பக்கம் பிரம்புச் சாமான் கடைகளில் கூடை அளவைச் சொல்லிச் செய்து வாங்கவும் முடியும். பிரம்பு காற்றை விடும், நகம் பட்டால் தாங்கும். குறை இரண்டு: ஈரத்தில் பூசணம் பிடிக்கும், பின்னல் அவிழ்ந்தால் முனை குத்தும். தடித்த ஃபெல்ட், போலி ரோமம் எல்லாம் ஏர்கான் அறைக்கு மட்டும். உள்ளே போடும் மெத்தை கழற்றித் துவைக்கிற பருத்தி உறையோடு இருக்கட்டும். இலவம்பஞ்சு மெத்தை இதமானதுதான்; ஆனால் நனைந்தால் கட்டி கட்டியாகத் திரண்டு, மழை மாதத்தில் காயவே காயாது.

4. கடையிலேயே சோதியுங்கள்

5 கிலோ அரிசிப் பையின் வேலை இங்கேதான். கடைக்குக் கொண்டுபோகக் கூச்சமாக இருந்தால் கடையில் இருக்கிற தீனி மூட்டையைக் கேளுங்கள். செல்லப்பிராணிக் கடையில் அதற்குப் பஞ்சமில்லை.

பையை நடுவில் வைத்து ஒரு பக்கம் அமுக்கி விடுங்கள். நான்கைந்து ஆட்டத்துக்குள் படுக்கை தானே நிற்க வேண்டும். அதற்கு மேலும் ஆடினால் அடிவளைவு மிகக் கூர்மையாக இருக்கிறது என்று பொருள். பூனை ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அலைந்துகொண்டே இருக்கும்.

அடுத்து, பையை விளிம்பின்மேல் வையுங்கள். பூனை ஏறும்போது முதல் எடை விளிம்பில்தான் விழும். விளிம்பு மூன்று நான்கு விரல் இறங்கி அங்கேயே தடுத்து நின்றால் நல்லது. தரையைத் தொட்டாலோ கவிழ்ந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். உள்ளே எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் இந்தச் சோதனையில் தோற்ற படுக்கை பூனைக்கு ஆகாது.

காதை அருகில் வைத்து ஆட்டிப் பாருங்கள். மனிதக் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் எல்லை. பூனைக்கு அது 60-ஐயும் தாண்டும். நமக்கு லேசாகக் கேட்கிற கிரீச்சு அதற்குப் பெரிய தொந்தரவு. திருகை முறுக்கியும் சத்தம் நிற்கவில்லை என்றால் அதை எடுக்காதீர்கள்.

பிறகு உள்ளங்கையால் எல்லா இடமும் தடவுங்கள். ஸ்டேப்ளர் முள், ஆணி நுனி, உடைந்த பிரம்பு எல்லாம் கையில் தட்டுப்படும். பின்னல் இடைவெளியில் உங்கள் சுண்டு விரலை விட்டுப் பாருங்கள். நம் ஊர்ப் பூனைகள் பலவற்றுக்கு வால் கட்டையாகவோ, நுனி கொக்கிபோல் வளைந்தோ இருக்கும். அந்த வளைந்த நுனி இடைவெளியில் நுழைந்தால் இழுத்தாலும் வராது. வால் வளைந்த பூனைக்குச் சுண்டு விரல் நுழையாத நெருக்கமான பின்னலைத் தேர்ந்தெடுங்கள்.

இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு இது எதுவும் முடியாது. திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, பெட்டியைப் பிரித்தவுடன், பூனை வாசனை ஒட்டுமுன், இந்தச் சோதனைகளை வீட்டில் செய்துவிடுங்கள்.

5. வீட்டுக்குள் வந்ததும் தயார்செய்தல்

புதுப் பிரம்பிலும் மரத்திலும் வார்னிஷ் நெடி இருக்கும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் நெடி போகும்வரை வையுங்கள். உள்ளே முகத்தை விட்டு மோந்தால் ஒன்றும் தெரியக்கூடாது. கடும் வெயிலில் நாள்கணக்கில் போட்டால் பிரம்பு வறண்டு வெடிக்கும். காலை வெயில் போதும். பிரம்பின் கீழே மாவுபோல் பொடி உதிர்ந்திருந்தால் உள்ளே வண்டு துளைக்கிறது, கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

உறையை வாசனை இல்லாத சோப்பில் துவைத்து நன்றாக அலசுங்கள். டெட்டால் ஊற்றி அலசுவது நம் வீடுகளில் பழக்கம். பூனைத் துணிக்கு அதைச் செய்யாதீர்கள். அதிலுள்ள குளோரோசைலினால் போன்ற ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் சரியாகச் சிதைத்து வெளியேற்ற முடியாது. ரோமத்தில் ஒட்டியதை நக்கியே அது உள்ளே போய்ச் சேரும். அந்துருண்டை, டீ ட்ரீ எண்ணெய் ஆகியவற்றுக்கும் தடை. உண்ணிக்காக நாய் மருந்தைப் படுக்கையில் தெளிப்பது இன்னும் ஆபத்து. அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம், உயிரையே வாங்கும்.

6. இடம் பார்த்தல்

இடம் சரியாக இருந்தால் சுமாரான படுக்கையைக்கூடப் பூனை ஏற்றுக்கொள்கிறது. இடம் தவறினால் நல்ல படுக்கையும் வீண்தான். ஆகவே இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பூனை ஏற்கெனவே படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தொடங்குங்கள். உங்களுக்கு அழகாகத் தெரிகிற ஹால் மூலை அதற்குப் பிடித்தமான இடமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் சுவர், எதிரில் அறை வாசல் தெரிகிற கோணம், ஆள் நடமாட்டம் குறுக்கே போகாத ஓரம். இந்த மூன்றும் சேர்ந்தால் பூனைக்கு முதுகுப் பயம் இல்லை, வருகிறவரைப் பார்க்கவும் முடிகிறது.

சுவரை ஒட்டி வைக்காதீர்கள். படுக்கையை இரண்டு பக்கமும் முழுதாகச் சாய்த்துப் பார்த்து, எங்கும் இடிக்காமல் ஒரு சாண் விடுங்கள். தூக்கத்தில் ஒரு தடவை சுவரில் "டொக்" என்று இடித்தால் அந்த இடமே கெட்டுவிடும்.

தரை மொசைக்கோ டைல்ஸோ என்றால் ரப்பர் விரிப்பை அடியில் போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பூனை குதிக்கும்போது படுக்கை ஆடுவதோடு வழுக்கியும் போகும். ஆட்டத்தைப் பழகிக்கொள்ளும் பூனைகூட வழுக்கலுக்குப் பழகாது.

எங்கே வைக்கக்கூடாது: மணல் பெட்டிக்கு அருகில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், மேசை மின்விசிறியின் நேர்க்காற்றில், சாமி மேடைக்கு முன்னால். கடைசியாகச் சொன்னதைப் பலர் யோசிப்பதில்லை. சாம்பிராணிப் புகையும் ஊதுவத்தியும் பூனையின் மூச்சுக்கு நல்லதில்லை. எரிகிற விளக்குக்கு அருகில் ஆடுகிற, துணி போட்ட பொருள் இருப்பது வீட்டுக்கே நல்லதில்லை.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனியில் வைப்பதாக இருந்தால் முதலில் கிரில்லுக்கு வலை அடியுங்கள். ஆடும் படுக்கையிலிருந்து எம்பிக் குதிக்கிற பூனை தான் நினைத்த இடத்தில் இறங்காது. பாயான் பாருவிலோ ஜெலுத்தோங்கிலோ பத்தாவது மாடியில் அந்தத் தப்புக்கு இடமில்லை.

7. நாள் பார்த்துத் தொடங்குங்கள்

பட்டாசுச் சத்தத்தில் புதுப் பொருளை அறிமுகப்படுத்தினால் சத்தத்தின் பயம் அந்தப் பொருளோடு ஒட்டிக்கொள்ளும். தீபாவளி வாரம், சீனப் புத்தாண்டு, குறிப்பாகப் பினாங்கில் ஹொக்கியன் சீனர்கள் கொண்டாடும் ஒன்பதாம் நாளுக்கு முந்தைய இரவு, இவற்றைத் தவிருங்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் ரத வழியில் குடியிருப்பவர்கள் தைப்பூசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடு மாறிய புதிது, விருந்தாளி வந்திருக்கும் நேரம், பூனைக்குக் கருத்தடை அறுவை முடிந்த வாரம், எல்லாமே தள்ளிப்போட வேண்டிய நாள்கள்.

8. ஆடாமல் கட்டி, வாசனை ஏற்றுங்கள்

துண்டுகளை இறுக்கமாகச் சுருட்டி, அடிவளைவின் இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரிச் செருகுங்கள். உள்ளங்கையால் விளிம்பை அமுக்கினால் ஒரு விரல்கூட இறங்கக்கூடாது. ஏணை வகை என்றால் சட்டத்தோடு நான்கு மூலையையும் துணிநாடாவால் கட்டி, அடியில் அட்டைப்பெட்டியைக் கொடுத்துத் தாங்க வையுங்கள். இனி இது வெறும் படுக்கை. பூனை வந்து மோந்து பார்த்து, கால் வைத்து, ஏறி, இறங்கிப் போகட்டும்.

உள்ளே பூனை படுத்த பழைய துணியைப் போடுங்கள். கன்னத்தைத் தேய்த்து, பாதத்தால் பிசைந்து பூனை தன் வாசனையைப் பொருள்களில் பூசிவைக்கிறது. அந்த வாசனை இருக்கிற இடம் அதற்குத் தன் இடம். மெல்லிய பருத்தித் துணியால் அதன் கன்னத்தை மெதுவாகத் துடைத்து, அதே துணியால் படுக்கை விளிம்பைத் தேய்த்தால் வேலை இன்னும் விரைவாகும். இந்தக் கட்டத்தில் எதையும் துவைக்காதீர்கள். "அழுக்குத் துணி பார்க்க நல்லாயில்லையே" என்று எடுத்துத் துவைத்துப் போட்டு, ஒரு வார வேலையைக் கெடுத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

தீனியை முதலில் படுக்கைக்கு வெளியே, பிறகு விளிம்பில், பிறகு உள்ளே என்று நகர்த்துங்கள். உப்பு நெத்திலி வேண்டாம். உப்பில்லாமல் அவித்த கோழி ஒரு நகத்தளவு போதும்.

கேட்நிப் என்ற காய்ந்த மூலிகையைத் தூவலாம். மூன்றில் இரண்டு பங்குப் பூனைகள் அதற்கு மயங்கும், மற்றவை திரும்பியும் பார்க்காது. அது பிறவியிலேயே வருவது. சில மாதக் குட்டிகளுக்கும் வேலை செய்யாது. நம் வேலியோரத்தில் முளைக்கிற குப்பைமேனியைப் பூனைவணங்கி என்றும் சொல்வார்கள். புதிதாகப் பிடுங்கிய அதன் வேருக்கும் பூனைகள் கிறங்கிப் புரளும். ஆனால் தின்னவிடும் அளவுக்கு அதை நான் நம்புவதில்லை. தெருவோரச் செடியில் களைக்கொல்லி பட்டிருக்கவும் கூடும். காய்ந்த கேட்நிப்பே போதும். எதைத் தூவினாலும் ஆப்பை எடுக்காத கட்டத்தில் மட்டும் தூவுங்கள். மயங்கிப் புரளும் பூனையின் அடியில் படுக்கை ஆடினால் பயந்துவிடும்.

பூனையைத் தூக்கி உள்ளே வைக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. தானாக ஏறிய படுக்கை அதனுடையது. நாம் வைத்த படுக்கை நம்முடையது.

9. ஆட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறத்தல்

பூனை தானாக ஏறி, உள்ளே தூங்கி, ஒரு முறையாவது பக்கவாட்டில் சாய்ந்து காலை நீட்டிப் படுத்த பிறகே இந்தக் கட்டத்துக்கு வாருங்கள். உள்ளே உட்கார்வது மட்டும் போதாது. நான்கு காலையும் உடம்புக்கு அடியில் மடக்கி, காதை நிமிர்த்திக் கண்ணைத் திறந்து வைத்திருக்கிற பூனை இன்னும் காவல்தான் இருக்கிறது.

பூனை வேறு இடத்தில் இருக்கும்போது, ஒரு பக்கத்துத் துண்டை மட்டும் கொஞ்சம் தளர்த்துங்கள். விளிம்பு ஒரு விரல் இறங்கட்டும். இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள். பூனை ஏறும்போது லேசாக அசையும், உடனே நின்றுவிடும். ஏறினால் அசையும், அசைந்தால் நிற்கும் என்று அது கற்றுக்கொள்வது இந்த நாள்களில்தான். பிறகு மறுபக்கமும் ஒரு விரல். அப்புறம் இரண்டு விரல். ஒவ்வொரு தளர்த்தலுக்கும் பூனை முன்போல் தூங்குகிறதா என்று பார்த்தே அடுத்ததற்குப் போங்கள்.

சரியாகப் போகிறது என்பதற்கு அடையாளம்: ஏறியதும் பிசைகிறது, விளிம்பில் தாடையைத் தேய்க்கிறது, ஆட்டம் நிற்குமுன்பே படுத்துவிடுகிறது. சரியில்லை என்பதற்கு: நகத்தை ஊன்றி உறைந்து நிற்கிறது, காது பக்கவாட்டில் படிகிறது, கண்மணி விரிகிறது, வயிறு தரையில் படத் தாழ்ந்து இறங்கி ஓடுகிறது. இரண்டாவது வகையைக் கண்டால் ஒன்றும் பேசாமல், அது போன பிறகு, முந்தைய அளவுக்குத் துண்டைத் திரும்பச் செருகுங்கள். சில பூனைகள் இரண்டு விரல் ஆட்டத்தோடு நின்றுவிடும். அதுவே அதன் அளவு. ஆப்பை நிரந்தரமாக அங்கேயே விட்டுவிடுங்கள்.

இனி, கையால் ஆட்டுவது பற்றி. தொட்டிலைப் பார்த்தால் ஆட்டுவது நம் கை வழக்கம். பாட்டிமார் பிள்ளைக்கு ஆட்டிய கை சும்மா இருக்காது, "கண்ணு, தூங்குடா" என்று ஒரு தள்ளு விழும். குழந்தைக்கு அந்தத் தாளம் தூக்கத்தைத் தரும். தூங்கும்போதும் ஆபத்துக்குக் காதைத் திறந்து வைத்திருக்கிற பூனைக்கோ, அது யாரோ தன்னை அசைத்துப் பார்க்கும் செய்தி. வீட்டில் எல்லோரிடமும், முக்கியமாகப் பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும், முதல் நாளே சொல்லிவிடுங்கள்: பூனை உள்ளே இருக்கும்போது படுக்கையில் யார் கையும் படக்கூடாது. உள்ளே இருக்கிற பூனையைக் குளிப்பாட்டவோ மருந்து கொடுக்கவோ தூக்கவும் கூடாது. தானாக இறங்கி வரும்வரை காத்திருங்கள்.

10. இரண்டு பூனை இருந்தால்

ஒட்டிப் படுக்கிற இணையாக இருந்தாலும் ஆடும் படுக்கை ஆளுக்கு ஒன்று. ஒன்று எகிறிக் குதித்தால் மற்றது தூக்கத்தில் சாயும். இரண்டு தடவை நடந்தால் சண்டை. வெட்கப்படுகிற பூனைக்கு முதலில் பழக்குங்கள், தைரியசாலிக்குப் பிறகு. தைரியசாலி முதலில் பிடித்துக்கொண்டால் மற்றது பக்கத்திலேயே வராது.

11. பிடிக்கவில்லை என்று தோன்றும்போது

மூன்று வாரமாகியும் அசையாத நிலையிலேயே ஏறவில்லை என்றால் படுக்கையைக் குறை சொல்லுமுன் இடத்தை மாற்றுங்கள். அடுத்து மெத்தையை எடுத்துவிட்டு வெறும் பிரம்பில் பழைய துணியை மட்டும் போட்டுப் பாருங்கள். வெக்கை நாள்களில் இது பல தடவை பலித்திருக்கிறது. அதற்கும் வரவில்லை என்றால் ஆடும் பாகத்தை நிரந்தரமாக அடைத்துச் சாதாரணக் கூடையாக்கிவிடலாம், அல்லது வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

படுக்கையில் சிறுநீர் போனால் அதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடிக்கடி மணல் பெட்டிக்குப் போய் முக்கிக்கொண்டு நிற்கும் ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மறுநாள் வரை காத்திருக்கும் விஷயம் அது கிடையாது.

12. பராமரிப்பு

வாரம் ஒரு முறை உறையை மட்டும் துவைக்கலாம். ஆனால் ஒரே நாளில் எல்லாத் துணியையும் துவைக்காதீர்கள். ஒரு துணியாவது பூனை வாசனையோடு இருக்கட்டும். தெள்ளுப்பூச்சி இருந்தால் மட்டும் விதிவிலக்கு: அப்போது எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள், பூனைக்கான மருந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். அந்த மாதங்களில் பிரம்பின் அடிப்பக்கத்தையும் ரப்பர் விரிப்பின் கீழ்ப்பக்கத்தையும் வாரந்தோறும் புரட்டிப் பாருங்கள். வெள்ளையாகவோ கறுப்பாகவோ பூசணம் தெரிந்தால் வெளியே கொண்டுபோய், காய்ந்த தூரிகையால் தட்டி, வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்த துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் முழுக்கக் காயவையுங்கள். வினிகர் நெடி போன பிறகே திரும்ப உள்ளே வரலாம். ஜனவரி, பிப்ரவரியின் வறண்ட நாள்களில் பிரம்பு வெடிக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். துருத்திய முனையை நகவெட்டியால் நறுக்கி மணல்தாளால் தேய்த்தால் போதும்.

திருகு, முடிச்சு, கயிறு மூன்றையும் மாதம் ஒரு முறை பாருங்கள். ஏணைக் கயிற்றில் ஒரு இழை அறுந்திருந்தாலும் முழுக் கயிற்றையும், நான்கு மூலையிலும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் புதுக் கயிறு இழுபட்டு ஒரு மூலை தாழும்.

பழுது பார்த்த படுக்கையைத் திரும்ப வைக்கும்போது ஒரு நாளாவது துண்டை இறுக்கிச் செருகி வையுங்கள். கயிறு மாறினாலும் திருகு இறுகினாலும் ஆட்டத்தின் அளவு மாறியிருக்கும். பூனை பழைய அளவை நம்பித்தான் குதிக்கும்.